தாமதமாக வந்த சரியான விடை

இந்த வாரம் முழுக்க ஒரே சப்ஜெக்ட்: பல இடங்களில் பரவிக் கிடந்தும், சொன்ன நேரத்துக்குள் சொன்ன வேலையை முடித்தாக வேண்டிய கணினிகள். கேள்விகள் மூட்டையாக வந்திருக்கின்றன. அவிழ்ப்போம்.

கே: ரியல்-டைம் சிஸ்டம் என்றால் படுவேகமான கம்ப்யூட்டர் என்றுதானே அர்த்தம்?
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

ப: இல்லை தம்பி. வேகம் வேறு, வாக்குத் தவறாமை வேறு. முகூர்த்தம் தாண்டி வந்த தாலி பத்தரை மாற்றுத் தங்கமானாலும் கட்ட முடியாது.

கார் மோதினால் ஏர்பேக் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் விரிந்தாக வேண்டும். ஒரு விநாடி கழித்து விரிந்தால், 'கச்சிதமாக விரிந்தது' என்று எஃப்.ஐ.ஆரில் எழுதிக்கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்பது தடவை 1 மில்லி விநாடியில் பதில் சொல்லிவிட்டு நூறாவது தடவை முழிக்கிற கணினி இங்கே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும் நிதானக்காரன்தான் மாப்பிள்ளை.

கே: ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்து எல்லாவற்றையும் நடத்தினால் என்ன? பத்து இடத்தில் பரப்பி ஏன் தலைவலியை வாங்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

ப: அந்த ஒன்று படுத்தால் ஊரே படுத்துவிடும் ஐயா. அது முதல் காரணம். இரண்டாவது, தூரம்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 13,500 கி.மீ. குறுக்கு வழியிலேயே கேபிள் போட்டாலும் போய்த் திரும்ப 135 மில்லி விநாடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதற்குள் கிட்டத்தட்ட நாலு மீட்டர் நகர்ந்திருக்கும். பிரேக் போட நியூயார்க்கிடம் அனுமதி கேட்க முடியாது.

அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், கூட்டங்களில் சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளை விநியோகிப்பார். ஒரு நானோ விநாடியில் மின்சாரம் போகக்கூடிய உச்ச தூரம் அது. செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதம் என்று அட்மிரல்கள் கேட்டால் கம்பியைக் காட்டினால் போதும். இயற்பியலிடம் சிபாரிசு எடுபடாது.

கே: நெட்வொர்க்கை எந்த அளவுக்கு நம்பலாம்?
– ஐ.டி. ஊழியர், சிறுசேரி

ப: 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ட்ச், இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்பி ஏமாறும் பொய்களைப் பட்டியல் போட்டார். முதல் பொய்: நெட்வொர்க் கைவிடாது. இரண்டாவது: தாமதம் பூஜ்யம். முப்பது வருடமாகியும் அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட ரிட்டையர் ஆகவில்லை.

கே: நான் அனுப்பிய செய்தி கிடைத்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய எத்தனை பதில்கள் வேண்டும்?
– கூரியர் அலுவலக ஊழியர், ஈரோடு

ப: எத்தனை அனுப்பினாலும் போதாது. நீங்கள் அனுப்பினீர்கள், அவர் 'கிடைத்தது' என்றார். அந்தக் 'கிடைத்தது' உங்களுக்குக் கிடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் அதற்கும் பதில் போட்டால், இப்போது உங்களுக்குத் தெரியாது. கடைசியாகப் போன செய்தி எப்போதும் அநாதை.

இரண்டு தளபதிகள் புதிர் என்று இதற்குப் பெயர். தீர்வே இல்லை என்பது நிரூபணமான விஷயம். நல்ல பொறியாளர் இந்தச் சந்தேகத்தோடு மல்லுக்கட்ட மாட்டார். சந்தேகம் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்.

கே: யு.பி.ஐ.யில் என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. கடைக்காரர் வரவில்லை என்கிறார். நடுவில் யார் சாப்பிட்டது?
– இல்லத்தரசி, சேலம்

ப: யாரும் சாப்பிடவில்லை அம்மா. மேலே சொன்ன தளபதிகள்தான் உங்கள் போனுக்குள் வந்திருக்கிறார்கள். உங்கள் வங்கி, நடுவே யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ., அப்புறம் கடைக்காரரின் வங்கி. உங்கள் வங்கி பணத்தை எடுத்தது. போன செய்தியோ, திரும்பிய பதிலோ வழியில் மாட்டிக்கொண்டது.

வெற்றி, தோல்வி என்று இரண்டு முடிவுதான் உண்டு என்று நாம் நினைக்கிறோம். பரவிய கணினிகளில் மூன்றாவதாக ஒன்று உண்டு: 'தெரியாது'. இதை மறந்து கட்டிய சிஸ்டம் ஒன்று பணத்தைத் தொலைக்கும், அல்லது இரண்டு தடவை எடுக்கும். ஆகவேதான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண். அதே எண்ணோடு பத்து தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் பணம் நகர வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. தனி நபருக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளைக்குள், கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாளுக்குள், பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு. கோளாறு வரும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதி. எனக்கு அதில் பெரிய மரியாதை. கேட்டு வாங்குங்கள்.

கே: பிளாக்செயினை வைத்துக் காரின் பிரேக்கை இயக்கினால் யாரும் ஹேக் செய்ய முடியாதாமே?
– ஸ்டார்ட்-அப் நிறுவனர், பெங்களூரு

ப: பிட்காயினில் ஒரு பிளாக் பதிய சராசரி 10 நிமிடம். கார் எதில் மோதியது என்பது அழிக்க முடியாத ஆவணமாகப் பதிவாகும்.

கே: எல்லாக் கம்ப்யூட்டரிலும் கடிகாரம் இருக்கிறதே? எது முதலில் நடந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

ப: அருமையான கேள்வி கண்ணு. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு விநாடி தவறுவது சகஜம். ஒரு விநாடிக்குள் கணினி கோடிக்கணக்கான காரியம் செய்துவிடும். ஆக இரண்டு கணினிகளின் கடிகாரங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இரண்டும் பொய் சொல்லும், வேண்டுமென்று அல்ல.

1978இல் லெஸ்லி லாம்போர்ட், கடிகாரத்தையே கழற்றிவைத்துவிட்டு யோசித்தார். ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளட்டும். எது நடந்தாலும் ஒன்று கூட்டு. செய்தி அனுப்பும்போது எண்ணையும் சேர்த்து அனுப்பு. வந்த எண் உன்னுடையதைவிடப் பெரிதென்றால் அதற்கும் மேலே தாவு. இப்போது காரணத்தின் எண், விளைவின் எண்ணைவிட எப்போதும் சிறியதாக இருக்கும்.

இவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூட நோட்டில் அரைப் பக்கம். உலகத்தின் பெரிய டேட்டாபேஸ்கள் இந்த அரைப் பக்கத்தின் வம்சாவளி. 2013இல் அவருக்கு டூரிங் விருது கொடுத்தார்கள், முன்பே கொடுத்திருக்கலாம்.

கே: கடிகாரப் பிசகால் யாராவது செத்திருக்கிறார்களா, அல்லது இதெல்லாம் பண்டிதர் கவலையா?
– வழக்கறிஞர், மதுரை

ப: 28 பேர். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த இடத்தில் விழுந்தது. தடுக்க வேண்டிய பேட்ரியாட் எதிர்-ஏவுகணை அமைப்பு பக்கத்திலேயே விழித்திருந்தது, தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டு.

காரணம் ஒரு பின்னம். பேட்ரியாட் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டினால் கொஞ்சம் சிந்தும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டியதில் சிந்தியதெல்லாம் சேர்ந்து 0.34 விநாடி. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

நெஞ்சு கொதிப்பது இதற்காக அல்ல. இரண்டு வாரம் முன்பே இஸ்ரேலியர்கள் பிசகைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் குறி தவறலாம் என்று படைகளுக்குச் சுற்றறிக்கையும் போனது. எவ்வளவு நேரம் 'மிக நீண்ட நேரம்' என்று அதில் இல்லை. அணைத்துப் போட்டிருந்தாலே சரியாகியிருக்கும். திருத்திய சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த தேதி பிப்ரவரி 26.

கெடுவை எண்ணில் எழுதாத அறிக்கை அறிக்கையே அல்ல, வக்கீல் சார்.

கே: கூகுள் மாதிரி பெரியவர்கள் இந்தக் கடிகாரச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– எம்.சி.ஏ. மாணவர், கோவை

ப: ஜி.பி.எஸ்.ஸையும் அணுக் கடிகாரங்களையும் டேட்டா சென்டரிலேயே வைத்துக்கொண்டு. ஆனால் 2012இல் கட்டுரையாக அவர்கள் வெளியிட்ட ஸ்பானர் டேட்டாபேஸின் அழகு அதில் இல்லை. 'மணி என்ன?' என்று கேட்டால், 'இதற்கும் இதற்கும் நடுவில்' என்று இரண்டு எண் சொல்லும். அந்த இடைவெளி பெரும்பாலும் சில மில்லி விநாடிதான். அவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு 'முடிந்தது' என்று அறிவிக்கும். தனக்கு எவ்வளவு தெரியாது என்று எண்ணில் சொல்லத் தெரிந்த கடிகாரம்!

கே: லீப் விநாடி என்றால்?
– வாசகர், புதுச்சேரி

ப: பூமி சுற்றுவதில் சுணங்குவதால் எப்போதாவது நாம் கூட்டிக்கொள்ளும் ஒரு விநாடி. 2012 ஜூன் 30 அன்று கூட்டியபோது பல லினக்ஸ் சர்வர்கள் திக்குமுக்காடின. 2035க்குள் இந்த வழக்கத்தையே கைவிடுவது என்று 2022இல் தீர்மானம். பூமியைத் திருத்துவதைவிட அது சுலபம்.

கே: மூன்று கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுப் போடச் சொன்னால் ஒன்று கெட்டாலும் சமாளிக்கலாமே? அப்புறம் ஏன் நான்கு வேண்டும் என்கிறார்கள்?
– பொறியியல் விரிவுரையாளர், திருநெல்வேலி

ப: செத்த கணினியை மூன்று சமாளிக்கும். இரட்டை நாக்குக் கணினியைச் சமாளிக்காது. உங்களிடம் 'தாக்கு' என்கிறான், என்னிடம் 'பின்வாங்கு' என்கிறான். நாம் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தால் அவன் தப்பித்துவிடுவான். நீங்கள் என்னைச் சந்தேகிப்பீர்கள், நான் உங்களை. நான்காவது ஆள் வந்தால்தான் பொய் பிடிபடும்.

லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் 'பைசாந்தியத் தளபதிகள்' என்ற பெயரில் எழுதினார்கள். கதைதான் அரண்மனைக் கதை; வேலை நாசாவுக்காக விமானக் கணினி கட்டியபோது முளைத்தது. கம்பியில் மின்னழுத்தம் அரைகுறையாக இருந்தால், ஒரு கணினி அதை 1 என்று படிக்கும், இன்னொன்று 0 என்று படிக்கும். துரோகம் செய்ய உயிர் தேவையில்லை.

கே: ஒன்றுக்கு இரண்டாக வைத்தும் ராக்கெட் வெடித்ததாமே?
– தட்டச்சுப் பயிலக உரிமையாளர், கும்பகோணம்

ப: ஏரியான் 5. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ. என்ஜின் பற்றவைத்து சுமார் 40 விநாடிக்குள் கதை முடிந்தது.

ராக்கெட்டின் நிலையை அளந்து சொல்ல இரண்டு கணினிகள். ஒன்று போனால் மற்றது. இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேர், அதுவும் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்தது. பழைய ராக்கெட் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போகாது, புதியது போகும். 64 பிட் எண்ணை 16 பிட் டப்பாவில் திணிக்கப் பார்த்ததில் காப்புக் கணினி முதலில் செத்தது. சுமார் 50 மில்லி விநாடி கழித்து, அதே காரணத்துக்காக, முதன்மைக் கணினியும்.

சாகும்போது அது அனுப்பிய கோளாறுக் குறிப்பை, ராக்கெட்டை ஓட்டும் தலைமைக் கணினி திசை விவரம் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டை வளைத்தது. இன்னொன்றும் கேளுங்கள்: பிழை வந்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பியபின் எதற்குமே தேவையில்லாதது. சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே தப்பை இரண்டு பிரதி எடுத்தால் அது காப்பு ஆகாது; தப்புக்குச் சாட்சி ஆகும்.

கே: அப்படியானால் விமானங்களில் என்ன செய்கிறார்கள்?
– அடிக்கடி பறப்பவர், சிங்கப்பூர்

ப: ஒரே ஆளை மூன்று தடவை கேட்காமல் மூன்று வேறு ஆட்களைக் கேட்கிறார்கள். போயிங் 777இல் மூன்று முதன்மைப் பறப்புக் கணினிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று தடங்கள். இன்டெல், மோட்டோரோலா, ஏ.எம்.டி. என்று மூன்று கம்பெனி ப்ராசஸர்கள். ஒரு கம்பெனியின் வடிவமைப்பில் ஓட்டை இருந்தால் மற்ற இரண்டும் விழித்திருக்கும்.

அதே போயிங், 737 மேக்ஸில் மூக்கைக் கீழே அழுத்தும் ஒரு சாஃப்ட்வேரை ஒரே ஒரு சென்சாரின் பேச்சை நம்பி விட்டது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலுமாக இரண்டு விமானங்கள், 346 உயிர்கள். எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரியாதவர்கள் செய்த தவறல்ல இது. அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

கே: ஐந்து கம்ப்யூட்டர் இருந்தும் விண்வெளி ஓடம் கிளம்பாத கதை தெரியுமா?
– வானொலி நேயர், யாழ்ப்பாணம்

ப: நன்றாகத் தெரியும். 1981 ஏப்ரல் 10, கொலம்பியாவின் முதல் பயணம். நான்கு கணினிகளில் ஒரே சாஃப்ட்வேர். ஐந்தாவதில் வேறு குழு தனியாக எழுதியது. ஏரியானுக்கு வந்த கதி வரக் கூடாது என்ற அதே முன்யோசனை, பதினைந்து வருடம் முன்பே. ஆனால் அன்றைக்கு ஐந்தாவது கணினியால் மற்ற நான்கோடு தாளம் சேர முடியவில்லை. காரணம், கணினிகளை முதலில் முடுக்கும் நேரத்தைப் பொறுத்து 67இல் ஒரு தடவை மட்டும் வரக்கூடிய நேரப் பிசகு. சோதனைகளில் பிடிபடாமல் ஒளிந்திருந்து, உலகமே டி.வி. பார்க்கும் நாளில் வெளியே வந்தது. அணைத்து முடுக்கியதும் சரியாகி, ஏப்ரல் 12 அன்று பறந்தது. சந்தேகம் வந்ததும் நிறுத்தினார்களே, அதற்கு என் சல்யூட்.

கே: சர்வரை 100 சதவீதம் பயன்படுத்தாவிட்டால் காசு வேஸ்ட் என்கிறார் மேலாளர்.
– பெயர் வேண்டாம், ஓ.எம்.ஆர்.

ப: லியு, லேலண்ட் இருவரும் 1973இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடிக்கடி வரும் வேலைக்கே முன்னுரிமை என்ற நிலையான விதியில், தனித்தனியாகத் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் எத்தனை இருந்தாலும், மொத்தச் சுமை 69 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு கெடுவும் தவறாது. அதற்கு மேலே போனால் அந்த உத்தரவாதம் இல்லை. மீதி 31 சதவீதம் வேஸ்ட் இல்லை, இன்சூரன்ஸ். மேலாளரிடம் அவர் காருக்குக் கட்டிய பிரீமியத்தை நினைவூட்டுங்கள்.

கே: செவ்வாயில் இறங்கிய கம்ப்யூட்டரை பூமியிலிருந்தே ரிப்பேர் செய்தார்களாமே?
– நூலகர், திருச்சி

ப: மார்ஸ் பாத்ஃபைண்டர், 1997 ஜூலை 4 அன்று இறங்கியது. சில நாட்களில் அது தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது.

உள்ளே மூன்று வேலைகள். உயர்ந்த முன்னுரிமை, தகவல் பஸ்ஸை நிர்வகிப்பது. கடைசி முன்னுரிமை, வானிலை அளப்பது. நடுவில், தகவல் தொடர்பு. வானிலை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருக்கும். அது விடும்வரை பெரியவர் காத்திருக்க வேண்டும். விட்டுவிடுவதற்குள் நடுவில் உள்ளவர் புகுந்து சின்னவரை ஓரங்கட்டிவிட்டார். பெரியவர் காத்துக்கொண்டே இருந்தார். வேலை நடக்கவில்லையே என்று காவல் கடிகாரம் மொத்தத்தையும் ரீசெட் செய்தது.

மருந்து: சின்னவர் கையில் பூட்டு இருக்கும்வரை, காத்திருக்கும் பெரியவரின் முன்னுரிமையை அவருக்கே இரவல் கொடு. லுய் ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி மூவரும் 1990இலேயே இதை எழுதிவிட்டார்கள். இதில் ரகுநாதன் ராஜ்குமார் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். பின்னர் கார்னகி மெலனில் பேராசிரியர். பாத்ஃபைண்டரின் சாஃப்ட்வேரிலும் அந்த வசதி இருந்தது, அணைத்துவைக்கப்பட்டு. ஆய்வகத்தில் இருந்த நகலில் கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்த்து, பூமியிலிருந்தே முடுக்கினார்கள். சரியாயிற்று.

கண்காணிப்பு வசதிகளைக் கழற்றாமல் அனுப்பியிருந்ததால்தான் இது முடிந்தது. அனுப்பும் முன் 'இது எதற்கு வீண் சுமை?' என்று எடுக்கத் துடிப்பவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. விடாதீர்கள்.

கே: வேலை அளவுக்கு மீறி வந்துவிட்டால்?
– தபால்காரர், நாகர்கோவில்

ப: முக்கியமில்லாததைத் துணிந்து கீழே போட வேண்டும். 1969 ஜூலை 20, சந்திரனில் இறங்கச் சில நிமிடம். அப்பல்லோ 11இன் கணினி '1202' என்று அலறியது. தேவையில்லாத நேரத்தில் ஒரு ரேடார் அதன் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. கணினி சில்லறை வேலைகளை உதறிவிட்டு, இறங்கும் கணக்கை மட்டும் விடாமல் செய்தது. அந்த முன்னுரிமை அமைப்பை வடித்தவர் ஹால் லேனிங். சாஃப்ட்வேர் குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். சந்திரனில் பதிந்த காலடியின் படம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இவர்கள் படமும் இருக்க வேண்டும்.

கே: காருக்குள் பல கணினிகள் ஒரே கம்பியில் பேசினால் குழப்பமாகாதா?
– மெக்கானிக், பாடி

ப: 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட 'கேன்' முறையைத்தான் தினமும் ஸ்கேனர் செருகிப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் சின்ன எண் ஜெயிக்கும்; பெரிய எண் மௌனமாகி, அப்புறம் பேசும். ஜெயித்த செய்தியில் ஒரு பிட்கூட சேதமாகாது. சட்டசபைக்குப் பரிந்துரைக்கலாம்.

கே: பதில் வரவில்லையென்றால் உடனே மறுபடி மறுபடி கேட்பதுதானே புத்திசாலித்தனம்?
– ஆப் டெவலப்பர், தாம்பரம்

ப: மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சர்வரின் கழுத்தில் ஏறி உட்காரும் புத்திசாலித்தனம். ஒவ்வொரு தடவையும் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். அதிலும் கொஞ்சம் குலுக்கல் சேருங்கள். இல்லையென்றால் லட்சம் போன்களும் ஒரே நொடியில் திரும்ப வந்து கதவைத் தட்டும்.

கே: கெட்டுப்போன கணினியைவிட, சரியாகித் திரும்பிய கணினி ஆபத்தானது என்று ஒரு பழைய டெலிபோன்காரர் சொன்னார். உளறலா?
– பி.எஸ்.என்.எல். ஓய்வூதியர், வேலூர்

ப: அனுபவம் பேசியிருக்கிறது. 1990 ஜனவரி 15, அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி.யின் நீண்டதூரத் தொலைபேசி. நியூயார்க்கில் ஒரு சுவிட்ச் சின்னக் கோளாறால் தன்னை ரீசெட் செய்துகொண்டு, சில விநாடியில் திரும்பி வந்து, அக்கம்பக்கத்தாருக்குச் செய்தி அனுப்பியது. அதைக் குறித்துக்கொள்ளும் நேரம் பார்த்து இரண்டாவது செய்தி வந்தால், பக்கத்து சுவிட்ச் விழுந்துவிடும்படி ஒரு பிழை. சி மொழியில் இடம் மாறிப் போட்ட ஒரு 'பிரேக்'.

அது விழுந்து, எழுந்து, தன் அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னது. அவர்கள் விழுந்தார்கள். 114 சுவிட்சுகள், 9 மணி நேரம். எல்லாம் ஒரே சாஃப்ட்வேர் என்பதை மறுபடி கவனியுங்கள்.

கே: கோளாறு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதானே பத்திரம்?
– ரயில்வே ஊழியர், அரக்கோணம்

ப: உங்கள் துறையில் சரி. வில்லியம் ராபின்சனின் தண்டவாள மின்சுற்று 1872இலிருந்து அதைத்தான் செய்கிறது: கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் சிக்னல் சிவப்புதான். நின்ற ரயில் பத்திரமான ரயில்.

நின்ற விமானம்? அதனால்தான் முதல் கேள்வியே 'எங்கள் சிஸ்டம் நிற்கலாமா, கூடாதா?' என்பது. இதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் ஒரு வரி கோடுகூட எழுதக் கூடாது.

கே: எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மாதமாக ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை. பெருமைப்படலாமா?
– ஷிப்ட் இன்ஜினீயர், எண்ணூர்

ப: முதலில் அலாரம் உயிரோடிருக்கிறதா என்று பாருங்கள். 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹையோ. மின் நிறுவனத்தின் அலாரம் சாஃப்ட்வேர் மதியம் 2.14க்கு, இரண்டு வேலைகள் ஒரே தகவலில் ஒரே நேரத்தில் கை வைத்ததால் உறைந்தது. திரையில் அமைதி. வெளியே மின்தடங்கள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. 4 மணிக்கு மேல் சுமார் 5 கோடி பேருக்கு இருட்டு.

'நான் உயிரோடிருக்கிறேன்' என்று நொடிக்கொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். சொல்வதை நிறுத்தினால் அடிக்க இன்னொரு மணி.

கே: எட்டு சர்வரில் ஏழில் அப்டேட் போட்டாயிற்று. எட்டாவதை நாளைக்குப் பார்க்கலாமா?
– ட்ரெய்னி, கிண்டி

ப: 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிடல் என்ற பங்குத்தரகு நிறுவனம். எட்டில் ஏழு. எட்டாவதில், வருடக்கணக்காகத் தூங்கிய பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்திருந்தன, யாரும் பார்க்கவில்லை. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இன்றைக்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ, தம்பி. பழைய புரோகிராமையும் அழித்துவிட்டுப் போ.

கே: நூற்றில் ஒரு தடவைதான் எங்கள் சர்வர் தாமதிக்கும். பரவாயில்லைதானே?
– டீம் லீட், தரமணி

ப: ஒரு பக்கத்தைக் காட்ட இப்படி 100 சர்வர்களைக் கேட்கிறீர்கள் என்றால், நூற்றுக்கு 63 பேர் காத்திருப்பார்கள். ஜெஃப் டீனும் பரோசோவும் 2013இல் எழுதிய கணக்கு. கால்குலேட்டரில் 0.99ஐ நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், கிடைப்பது 0.37.

கே: 99.9 சதவீதம் வேலை செய்யும் என்று விற்பனையாளர் சத்தியம் செய்கிறார்.
– மருத்துவமனை நிர்வாகி, திண்டுக்கல்

ப: வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் வேலை செய்யாது என்பதும் அதே சத்தியம். 99.999 என்றால் சுமார் 5 நிமிடம். அந்த நிமிடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கும் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

கே: ஒரு கம்ப்யூட்டர் செத்தாலும் மற்றவை நிச்சயம் ஒரு முடிவுக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாது என 1985இலேயே நிரூபித்துவிட்டார்களாமே? பின்னே எல்லாம் எப்படி ஓடுகிறது?
– ஆராய்ச்சி மாணவி, கிண்டி

ப: ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன். அவர்கள் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள்: செய்தி எவ்வளவு தாமதிக்கும் என்று எந்த வரம்பும் இல்லாத உலகில், செத்தவனையும் மெதுவானவனையும் பிரித்தறிய வழியில்லை. நிஜ உலகில் பெரும்பாலான நேரம் வரம்பு உண்டு. ஆகவே கெடு வைக்கிறோம். தவறினால் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். முடிவு தாமதிக்கலாம், ஒருபோதும் இரண்டாகப் பிளக்காது.

இதைச் செய்யும் 'பாக்சோஸ்' முறையை லாம்போர்ட் 1990இல் ஒரு கிரேக்கத் தீவின் நாடாளுமன்றக் கதையாக எழுதி அனுப்பினார். அச்சேறியது 1998இல். எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காகவே 2014இல் ஓங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் 'ராஃப்ட்' செய்தார்கள். 1985இன் நிரூபணத்தை வெல்ல வேண்டாம். அதன் எல்லைக்கு வெளியே வீடு கட்டுங்கள்.

கே: நன்றாக டெஸ்ட் செய்தால் எல்லாப் பிழையும் மாட்டாதா?
– டெஸ்டர், ஹோசூர்

ப: அமேசான் பொறியாளர்கள் 2015இல் எழுதினார்கள்: அவர்களுடைய டைனமோ-டி.பி.யில் ஒரு பிழை வெளியே வர, 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தாக வேண்டும். எந்த டெஸ்டரும் அதை யோசிக்க முடியாது. லாம்போர்ட்டின் டி.எல்.ஏ. பிளஸ் என்ற கணித மொழியில் வடிவமைப்பை எழுதிச் சரிபார்த்தபோது மாட்டியது. டெஸ்ட் செய்யுங்கள், அதற்கு முன்னால் கணக்கும் போடுங்கள்.

கே: நெட்ஃபிளிக்ஸ் வேண்டுமென்றே தன் சர்வர்களைக் கொல்லுமாமே?
– சினிமா ரசிகர், வடபழனி

ப: ஆமாம், 'கேயாஸ் மங்கி' என்று அதற்கென ஒரு புரோகிராம். பொறியாளர்கள் விழித்திருக்கும் ஆபீஸ் நேரத்தில் கொல்லும். வெள்ளி இரவு உங்கள் படம் நடுவில் நின்றபின் கற்றுக்கொள்வதைவிட மேல்.

கே: இறுதியாண்டு படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர ஆசை. எங்கே தொடங்க?
– மாணவி, கோவில்பட்டி

ப: வாம்மா. லாம்போர்ட்டின் 1978 கட்டுரை மொத்தமே 8 பக்கம், முதலில் அது. அடுத்து ஏரியான் 5 விசாரணை அறிக்கை, பேட்ரியாட் பற்றிய அமெரிக்கத் தணிக்கை அறிக்கை. இரண்டும் இலவசம், இரண்டும் பாடப்புத்தகத்தைவிட நேர்மையானவை.

அப்புறம் விலை மலிவான மூன்று போர்டுகள் வாங்கு. மூன்றும் சேர்ந்து ஒரு விளக்கை நொடிக்கொரு தடவை, தவறாமல், சிமிட்டட்டும். ஓடும்போதே ஒரு கம்பியைப் பிடுங்கு. விளக்கு தடுமாறியதா, மற்ற இரண்டும் எத்தனை மில்லி விநாடியில் கண்டுபிடித்தன என்று அளந்து எனக்கு எழுது. பெயர் போட்டு வெளியிடுகிறேன்.